பச்சை வந்துருச்சுங்களா

சிவப்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. சுகுணா புளிசாதத்தை ஒரு வாய் அள்ளுவதற்கு முன் அதைப் பார்த்தாள், அள்ளிய பின் பார்த்தாள், மென்றுகொண்டே பார்த்தாள்; என்ன சாப்பிட்டாய் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. சுவரை அடைத்து நிற்கும் பெரிய திரையில் கோயம்புத்தூர், திருப்பூர், பொள்ளாச்சி என்று ஊர் ஊராகப் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் எங்கேயோ ஒரு மில்லிலோ ஜவுளிக்கடையிலோ பள்ளிக்கூடத்திலோ ஆணியில் தொங்குகிற, கம்பெனி கொடுத்த இன்டர்நெட் பெட்டி. பெட்டி பேசினால் பச்சை, பேசாவிட்டால் சிவப்பு, இந்த அறையின் வேதாந்தம் அவ்வளவுதான். அந்தப் பச்சைக் கூட்டத்தின் கீழே, இடது ஓரத்தில், வால்பாறை மலையில் உள்ள ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸின் புள்ளி மட்டும் காலையிலிருந்து சிவப்பு. அதைச் சரிபார்க்க ஆறுச்சாமி பைக்கில் மலை ஏறியிருக்கிறான். ஏறச் சொன்னது சுகுணா. ஆழியாறு செக்போஸ்ட் தாண்டினால் செல்போனுக்கு டவர் கிடையாது, எஸ்டேட்டுக்குள்ளும் கிடையாது, ஆகவே ஆள் போய்ச் சேர்ந்தானா என்று தெரிந்துகொள்ள இந்த அறைக்கு ஒரே ஒரு வழிதான். முன்பு ஒரு மழைக்காலத்தில் ஆறுச்சாமியே சொல்லி வைத்த வழி. "அங்கிருந்து போன் பண்ண முடியாதுங்க்கா. பச்சை வந்தா நான் போய்ச் சேந்துட்டேன்னு வெச்சுக்குங்க." அன்றிலிருந்து அது அறையின் வழக்கமாகிவிட்டது. மலைக்கு யார் போனாலும் பச்சை வந்ததும் எல்லோரும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள். இன்று அது வர வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது.

தாண்டிவிட்டது என்று எப்படிச் சொல்வது. மழை பெய்தால் தாமதமாகும், பெய்துகொண்டுதான் இருக்கிறது. பனி இறங்கினால் முன்னால் போகிற பஸ்ஸே தெரியாது. யானை ரோட்டில் வந்து நின்றால் அது நகரும் வரை நின்றுதானே ஆக வேண்டும், யானைக்கு யார் ஹாரன் அடிப்பது. வழியில் டீ குடித்திருப்பான். ஆறுச்சாமி டீக்கு நிற்கிறவன்தான், டீயோடு ஒரு வடை, வடையோடு கடைக்காரரிடம் ஒரு வம்பு, அதற்கே எவ்வளவு நேரம் ஆகும். டீ, பனி, யானை, மழை. மறுபடியும் டீ. இதையே அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததிலிருந்து உருட்டிக்கொண்டிருக்கிறாள், ஒவ்வொரு சுற்றிலும் டீ கொஞ்சம் ஆறிப்போகிறது. டப்பாவை மூடினாள். ஏசி எப்போதும் போல முதுகில் ஊதியது. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வெளியே அவிநாசி ரோட்டில் வெயிலாம், பக்கத்து சீட் ஷமீம் சொன்னாள், இங்கே வெயிலாவது மழையாவது, ஜன்னலே இல்லாத அறை. மலையில் மழை என்பதும் வாட்ஸப்பில் வந்த செய்திதான். அறைக்குள் எதுவுமே நேராக வருவதில்லை, எல்லாம் ஒரு புள்ளியாகத்தான் வந்து சேர்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு இது விளையாட்டாக இருந்தது. இங்கிருந்து பெட்டியைப் பார்த்து 'இருக்கியா' என்று கேட்கிறோம், அது 'இருக்கேன்' என்கிறது, கேட்டுக்கொண்டே இருக்கிறோம், சொல்லிக்கொண்டே இருக்கிறது, உலகத்தில் வேறு யார் இவ்வளவு பொறுமையாகப் பதில் சொல்வார்கள். வீட்டில் கணவர் முருகேசனைக் கூப்பிட்டால் பேப்பருக்குப் பின்னாலிருந்து 'ம்' என்று வரும். 'ம்' வந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம், கேட்கிறார் என்று அர்த்தமில்லை. இதை ஷமீமிடம் சொல்லி இருவரும் ஒரு நாள் முழுக்கச் சிரித்திருக்கிறார்கள். பதில் வராவிட்டால் மட்டும் உடனே செத்துப்போச்சு என்று எழுதிவிடக் கூடாது. பெட்டி உயிரோடு இருந்து நடுவில் வழி அடைத்திருக்கலாம். அதனால் கிட்டத்திலிருந்து ஆரம்பித்துத் தூரத்துக்குப் போக வேண்டும், வாசல், தெரு, முக்கு, பிறகுதான் ஊர்க்கோடி. புதுசாக வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சுகுணாதான் சொல்லிக்கொடுப்பாள். கிட்ட பாத்தியா, அப்புறம் தூரத்துக்குப் போ. பாத்தியா. பாத்துட்டேன்க்கா. அந்த வார்த்தை வந்ததும் நினைப்பு அங்கேயே இடறி நின்றது. காலையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் அங்கேதான் வந்து இடறுகிறது, முந்தானை ஆணியில் மாட்டுகிற மாதிரி. பாத்துட்டேன்.

காலையில் நடந்தது இவ்வளவுதான். எஸ்டேட் மேனேஜர் பொன்னப்பா போன் மேல் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார், ஏலத்துக்கு ஏதோ மெயில் போக வேண்டுமாம், நீங்கள் எல்லாம் என்ன கம்பெனி நடத்துகிறீர்கள் என்றார். இந்த அறையின் மேனேஜர் பத்மநாபன் சார் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து எட்டிப்பார்த்து, ஆள் போயாச்சான்னு மட்டும் சொல்லும்மா என்றார். சுகுணா ஆறுச்சாமிக்குப் போன் போட்டாள். அவன் பொள்ளாச்சியில் ஒரு பள்ளிக்கூட வேலையை முடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தான், தண்ணீர்ச் சத்தம் கேட்டது. "ஏறிர்றனுங்க்கா. அடிவாரம் பாத்துட்டீங்ளா?" என்றான். அடிவாரம் என்பது மலை ஆரம்பிக்கிற இடத்தில் ரோட்டோரம் நிற்கிற ஒரு தகரக் கொட்டகை. மலைக்குப் போகிற லைன் எல்லாம் அதற்குள் இருக்கிற ஒரு பெட்டி வழியாகத்தான் போகும். அது செத்துப்போனால் மேலே எஸ்டேட் பெட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இங்கே சிவப்பாகத்தான் தெரியும். பொறுப்பான கேள்வி. ஒரு விரல் சொடுக்கில் பார்த்திருக்கலாம். இன்னொரு போனில் பொன்னப்பா அடித்துக்கொண்டிருந்தார். "பாத்துட்டேன், நீங்க ஏறுங்க" என்றாள் சுகுணா. அவன் விடவில்லை. "போற வழிதானுங்க, ஒரு எட்டு நின்னு பாத்துட்டுப் போகட்டுங்ளா? கரண்ட்டு கிரண்ட்டு இல்லாமக் கெடக்கும்." அதற்கும் அவள் சொன்னாள், அவளே சொன்னாள், அவள் குரல்தான், "வேண்டாம் ஆறுச்சாமி, அந்த ஆளு கத்தறான், நேரா மேல போயிருங்க." சரிங்க்கா என்று வைத்துவிட்டான். செக்போஸ்டிலிருந்து மறுபடி ஒரு தடவை பேசினான். "ஏறுறனுங்க்கா. இனி டவர் இல்ல." மழை கோட்டுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி குரல் அடைத்துக் கேட்டது. பார்த்துப் போங்க என்று அவள் சொன்னாளா. சொல்லியிருப்பாள், எல்லோருக்கும் சொல்வதுதானே. சொன்ன ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பதால் சொல்லவில்லை என்று ஆகிவிடுமா.

இதை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஷமீம் செல்போனை நீட்டினாள். டிரைவர்கள் வாட்ஸப் குழுவில் யாரோ போட்ட படம், மலைப் பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு, பாதி ரோட்டைச் செம்மண் மூடிக் கிடந்தது, ஒரு மரம் வேரோடு சாய்ந்திருந்தது. மண்ணுக்குள்ளிருந்து ஒரு பைக்கின் பின்சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "டூரிஸ்ட் பசங்க பைக்கா இருக்கும்க்கா" என்றாள் ஷமீம், சீக்கிரமாக, கேட்காமலே. சுகுணா படத்தைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டாள். விரலால் பெரிதாக்கினாள். சக்கரத்துக்குப் பக்கத்தில் நீலமாக ஒரு முனை. ஆறுச்சாமி சாமான் பையை நீலத் தார்ப்பாயில் சுற்றி சைக்கிள் டியூபால் வண்டிக்குப் பின்னால் கட்டியிருப்பான். மழைக்காலத்தில் யார்தான் நீலத் தார்ப்பாய் கட்டவில்லை. பால்காரன் கட்டுகிறான், காய்கறிக்காரன் கட்டுகிறான், ஊரே நீலத் தார்ப்பாயில்தான் இருக்கிறது. இன்னும் பெரிதாக்கினாள். நீலம் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்து போயிற்று, சதுரங்களில் எந்த மனுஷனும் இல்லை. அவன் நம்பருக்குப் போட்டாள். நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றாள் அந்தப் பெண். அவள் எப்போதுமே அப்படித்தான் சொல்வாள், ஏறினவர்கள் எல்லோருக்கும் அதைத்தான் சொல்வாள், அதில் பயப்பட என்ன இருக்கிறது. சுகுணாவுக்குக் கால்கள் ஜில்லென்று ஆகிவிட்டன. ஏசியாகவும் இருக்கலாம்.

பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அறையில் ஒரு பழக்கம் உண்டு. கரண்ட் போய்ப் போய் வருகிற இடங்களில் இருக்கும் பெட்டிகள் நாள் முழுக்கச் செத்துச் செத்துப் பிழைக்கும், ஒவ்வொரு தடவையும் திரை சிவந்து சைரன் கத்தும். இரண்டு நாள் கேட்டால் யாருக்கும் பைத்தியம் பிடித்துவிடும். அதற்காக அவற்றைத் 'தூங்கப் போடுவார்கள்'. தூங்கப் போட்டால் அந்தப் பெட்டி சுவரிலிருந்து மறைந்து தனியாக ஒரு பக்கத்துக்குப் போய்விடும். அது இருந்தாலும் போனாலும் சுவருக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை, திறந்தால் செய்யாமல் விட்ட வேலையெல்லாம் வரிசையாக முறைக்கும். இந்த வாரத் தொடக்கத்தில் ஒரு பெட்டி ஓயாமல் கத்தியபோது, தலைவலி வருது ஷமீம், நான் தூங்கப் போட்டுடறேன் என்று சுகுணாதான் போட்டாள். அது எந்தப் பெட்டி என்று இப்போதுதான் அவளுக்கு முழுசாக நினைவு வந்தது. இல்லை, காலையிலேயே வந்தது. காலையில் பாத்துட்டேன் என்று சொன்ன அந்த நொடியிலேயே எங்கேயோ அடியில் வந்துவிட்டது, அதை அவள் அங்கேயே அமுக்கிவிட்டாள். பக்கம் திறந்தது. அடிவாரம். காலையிலிருந்து பதில் இல்லை. எஸ்டேட் சிவப்பானதும் அடிவாரம் போனதும் ஒரே நேரம். மேலே ஒன்றும் ஆகவில்லை. கொட்டகையில் கரண்ட் இல்லை, வேறொன்றுமில்லை. ஆறுச்சாமி அந்தக் கொட்டகை வாசலைக் கடந்துதான் போயிருக்கிறான். ஒரு எட்டு நின்னு பாக்கட்டுங்ளா என்று கேட்டவன், வேண்டாம் என்று சொன்னதால் நிற்காமல் போயிருக்கிறான்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தலைமாட்டில் ஒரு மெஷின் இப்படித்தான் கத்திக்கொண்டிருந்தது. நர்ஸ் வந்து அப்பாவைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்து ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, ஒயர் லூசுங்க, சும்மாதான் கத்துது என்று போனாள். அப்பா அன்றைக்குப் போகவில்லை, மறுநாள், வேறு ஏதோ காரணத்தால் போனார். ஆனாலும் அந்தப் பொத்தானை அமுக்கிய விரலைச் சுகுணா வெகுகாலம் மன்னிக்கவில்லை. இந்த வேலைக்கு வந்த பிறகுதான் மன்னித்தாள். நாள் முழுக்கக் கத்துகிற எதையும் மனுஷக் காது அமுக்கத்தான் செய்யும் என்று தெரிந்துகொண்டாள், பெரிய ஞானம் வந்தவள் போல. இப்போது அந்த நர்ஸின் முகம் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது, விரல் மட்டும் வருகிறது, அது தன் விரலாக இருக்கிறது. எழுந்து போய்ப் பத்மநாபன் சாரிடம் சொல்லிவிடலாம். என்ன சொல்வது. சார், நான் பார்க்கவில்லை சார். பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன் சார். சொன்னால் என்ன செய்வார், போலீசுக்குப் போன் போடுவார், ஆழியாறு செக்போஸ்டுக்குப் போடுவார், அதையாவது இப்போதே செய்யலாமே. செய்தால் படம் நிஜமாகிவிடும். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம், அவன் போய்ச் சேர்ந்துவிடுவான், பெட்டியை அணைத்துப் போடுவான், கரண்ட் இல்லாததால் பச்சை வராது, பாவம், தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான், என்னங்க்கா இப்படிப் பண்ணீட்டீங்களே என்று கீழே இறங்கி வந்து திட்டுவான். திட்டட்டும். வாழ்நாள் முழுக்கத் திட்டட்டும். தீபாவளிக்குத் திட்டட்டும், பொங்கலுக்குத் திட்டட்டும், வருகிற பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கட்டும்.

அப்படியென்றால் பச்சை வரக் கூடாது. இந்த நினைப்பு வந்ததும் சுகுணா நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து எதற்காகக் கண் பூத்துப்போகக் காத்திருந்தாளோ அதுவே இப்போது வரக் கூடாது. சிவப்பாக இருக்கிற வரை ஆறுச்சாமி வழியில் இருக்கிறான், டீக்கடையில் இருக்கிறான், யானைக்கு வழிவிட்டு நிற்கிறான். கரண்ட் வந்து அடிவாரம் முழித்து எஸ்டேட் தானாகவே பச்சையானால் அது யாருடைய வருகையும் இல்லை. வரக் கூடாது, சாமி, கரண்ட் வரக் கூடாது. கரண்ட் வர வேண்டாமென்று வேண்டிக்கொண்ட முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். தூங்குகிறவர்களின் பக்கத்தை மூடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அடிவாரம் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியது. அணைந்தது. மறுபடி சிமிட்டி, நின்று எரிந்தது. அவள் சுவரைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. பின்னாலிருந்து ஷமீம், "அக்கா, பச்சை" என்றாள். அறை முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. பத்மநாபன் சார் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்து, "பாத்தியா, போய்ச் சேந்துட்டான். நீ சும்மா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருந்தே" என்றார். நல்ல மனுஷர், அவள் முகத்தைக் கவனித்திருக்கிறார். சுகுணா ஆமாங்க சார் என்றாள்.

இன்னும் ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. எஸ்டேட் பெட்டிக்குள் போய், நீ எவ்வளவு நாளாக அணையாமல் ஓடிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டால் அது சொல்லும். ஆறுச்சாமி எங்கே போனாலும் முதல் காரியமாக, மழை கோட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, பெட்டியை ஒரு தடவை அணைத்துப் போடுவான். அதன் பிறகுதான் மற்றதெல்லாம், தண்ணி குடிப்பதுகூட. அவன் தொட்டிருந்தால் பெட்டி இப்போதுதான் பிறந்தது மாதிரி சொல்லும். கேட்டாள். போன மாதத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறேன் என்றது பெட்டி. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அது மலைமேல் தன்பாட்டுக்கு நன்றாக இருந்திருக்கிறது, யாரும் வந்து அதைத் தொடவில்லை. ஒருவேளை இப்போதுதான் வாசலில் வண்டியை நிறுத்துகிறானோ. ஒருவேளை தொடுவதற்கு முன்னாலேயே பச்சை வந்துவிட்டதோ. இருக்கலாம். ஏன் இருக்கக் கூடாது. அவள் அந்த ஒருவேளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தபோது மேஜை போன் அடித்தது. பொன்னப்பா. எஸ்டேட் ஆபீஸில் லைன் இருந்தால்தான் அவர் போனும் பேசும், காலையில் பாவம் எங்கேயோ மேட்டில் ஏறி நின்று கத்தியிருக்க வேண்டும். இப்போது குரல் இனித்தது. "மேடம், லைன் வந்துடுச்சு. மெயில் எல்லாம் போயிடுச்சு. ரொம்ப தேங்க்ஸ்." சுகுணா, "எங்க ஆளு அங்க வந்துட்டாருங்களா சார்" என்றாள். "இல்லையே. யாரும் வரலை. கீழே ரோடு வேற போயிடுச்சுன்னு சொல்றாங்க. அதான் வந்துடுச்சே மேடம், இனி எதுக்கு? வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

சொல்லிவிடுகிறேன் என்றுதான் அவளும் சொன்னாள். போனை வைத்துவிட்டு எழுந்தாள். இப்போது சொல்லிவிட வேண்டும், இனி எந்த ஒருவேளையும் மிச்சமில்லை. கண்ணாடிக் கூண்டு வரைக்கும் கால்கள் நடந்தன. உள்ளே பத்மநாபன் சார் யாரிடமோ போனில், நம்ம பசங்க மழையோ வெயிலோ பாக்க மாட்டாங்க சார், சொன்னாப் போதும், ஏறிடுவாங்க என்று சிரித்துக்கொண்டிருந்தார். சுகுணாவைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினார். அந்த விரலையே பார்த்துக்கொண்டு கதவில் கை வைத்து நின்றாள். அவள் கையிலிருந்த செல்போன் அதிர்ந்தது. தெரியாத நம்பர். அவன்தான், எஸ்டேட் பக்கத்தில் யாரிடமோ போன் வாங்கிப் பேசுகிறான், அவன்தான், அப்படித்தான் இருக்க வேண்டும். எடுத்தாள்.

"அக்கா, நான் கோகிலா பேசறனுங்க. ஆறுச்சாமி சம்சாரம்."

சுகுணா கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"வேலையா இருக்கறீங்களாட்ட இருக்குது. ஒண்ணுமில்லீங்க்கா, மலைல மண்ணு சரிஞ்சிருச்சுன்னு டிவில போட்டாங்க. அவருக்குப் போட்டா எடுக்கலீங்க. மேல போனா எடுக்காதுன்னு தெரியுமுங்க. அதான், பச்சை வந்துருச்சுங்களான்னு மட்டும் கேக்கலாம்னு."

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான், பச்சை வந்தால் நான் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று வைத்துக்கொள் என்று. சுகுணா திரும்பிச் சுவரைப் பார்த்தாள். இடது ஓரத்தில், மற்ற எல்லாப் புள்ளிகளையும் போலவே, அது இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது, அவள் வாயால் காலையில் சொன்னது பொய், இது அப்படியே உண்மை.

"வந்துருச்சு" என்றாள். "வந்துருச்சு கோகிலா."

"அப்பாடா. செரிங்க்கா, போதுமுங்க. காலைல ஒண்ணும் சாப்புடாமப் போயிட்டாரு, அதுதான் மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. நான் போயி ஒலை வெக்கறனுங்க."

போன் நின்ற பிறகும் சுகுணா அதைக் காதிலேயே வைத்திருந்தாள். கண்ணாடிக்கு உள்ளே பத்மநாபன் சார் பேசி முடித்துவிட்டு, உள்ளே வா என்று கையசைத்தார். பின்னால் ஷமீம் யாரிடமோ டீ சொல்லிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாகத் திரை முழுக்கப் பச்சையாக இருந்தது.